கட்சாலில் துப்பாக்கியைக் கீழே வைத்தவர்

புதன்கிழமை, காலை ஆறே முக்கால். போர்ட் பிளேரின் ஹாடோ துறையில் கப்பல் ஏறினேன். ஊருக்கு இப்போது புதுப்பெயர் வந்துவிட்டது. டிக்கெட்டிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் கராச்சர்மாவிலிருந்து 220 ரூபாய் வாங்கிக்கொண்டு என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது, எனக்கும் அப்படியே. பையில் வாந்தி மாத்திரை ஒரு பட்டை, ஸ்பேனர் செட், மல்டிமீட்டர், பழைய துணியில் சுற்றிய இரண்டு ரிலே. நிக்கோபார் தீவுகளுக்குப் போக வெளியாருக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். வேலை நிமித்தம் போகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. நான் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பவள். பதினைந்து வருடமாக இதுதான் பிழைப்பு.

போகிற இடம் கட்சால். கடல்வழியே நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் திரும்பும் கப்பல் திங்கட்கிழமைதான். மேலதிகாரி இதைச் சொன்னபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். வேடிக்கை பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தரும் ஒரே வேலை இது.

மதியம் கப்பல் சாப்பாடு. சோறு, பருப்பு, முட்டை, 90 ரூபாய். எதிர் இருக்கையில் கமோர்ட்டாவுக்குச் சிமென்ட் மூட்டையோடு போகும் சிவகங்கைக் கான்ட்ராக்டர் ஒருவர். இருபது வருடமாகத் தீவு தீவாகப் பள்ளிக்கூடமும் கக்கூசும் கட்டுகிறவர். கட்சால் என்றதும் பேச ஆரம்பித்தார்.

"அங்க டேனியல்னு ஒரு நிக்கோபாரி இருக்காப்ல மேடம். ஊர்ல லைசன்ஸ் துப்பாக்கி இருக்கு. முன்னாடி அதுல பெரிய கில்லாடி. இப்ப அதைத் தொடுறதே இல்ல. பன்னியை வில்லு வச்சு அடிக்கிறாரு. கேட்டா சிரிக்கிறாரே ஒழிய பதில் சொல்ல மாட்டேங்கிறாரு."

"ஏனாம்?"

"என்ன, தோட்டா வாங்க வக்கில்ல. மேன்லேண்ட்ல இருந்து வரணும்ல."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் ஒரு காரியத்தை நமக்குப் புரியாத மாதிரி செய்தால் உடனே அவருக்கு வக்கில்லை என்று சொல்லிவிடுவது நம் ஆட்களின் வழக்கம். நானே எனக்குள் வேறு பதில்கள் தயாரித்துக்கொண்டேன். சத்தம் வராது. அம்பைத் திரும்ப எடுக்கலாம். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். மூன்றாவது காரணம் நான் அவ்வப்போது எழுதும் பயணக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதற்குள் கடல் புரட்ட ஆரம்பித்ததால் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

வியாழன், பிற்பகல் மூன்று. கட்சால் துறையில் இறங்கினேன். சுகாதார நிலைய ஊழியர் யோகம்மா காத்திருந்தாள். முப்பத்தெட்டு வயது, கறுத்த உறுதியான உடம்பு, காலில் ரப்பர் பூட்ஸ். அவள் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள். இவள் பிறந்தது இங்கே. தமிழ், இந்தி, நிக்கோபாரி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு அடிப்பாள். ஜீப்பில் ஒரு ஆளுக்கு 60 ரூபாய். வழியெல்லாம் பால் வடிக்க ஆளில்லாத ரப்பர் மரங்கள் நின்றன.

"அக்கா, பெட்டி மூணு நாளா கூலிங் இல்ல. மருந்தெல்லாம் ஐஸ் டப்பாவுல மாத்தி வச்சிருக்கேன். ஜல்தி பார்த்துடுங்க," என்றாள்.

வெள்ளி, காலை எட்டு. ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கியதில் ஸ்டெபிலைசர் ரிலே கருகியிருந்தது. மாற்றினேன். பதினொன்றுக்குள் பெட்டி ஐந்து டிகிரிக்கு வந்துவிட்டது. யோகம்மா கறுப்புத் தேநீரும் வறுத்த மரவள்ளியும் கொண்டுவந்து வைத்தாள். டேனியலைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமயா? நாலு வீடு தள்ளித்தான் எங்க தோட்டத்து லைன் வீடு. ஞாயித்துக்கெழம அவரு மக ரூத்துக்கு நிச்சயம், பெரிய சாப்பாடு. ஆனா மனுசன் சோறு தண்ணி இறங்காம கெடக்காரு. உங்களுக்கு ஏங்க்கா அவரு?"

துப்பாக்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வாங்க, அவருகிட்டயே கேளுங்க. சொன்னா சொல்லட்டும்," என்றாள்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று டேனியல் பின்னால் கேட்டுக்கொண்டார். அதனால் எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சுகாதார நிலையத்திலிருந்து நடந்து அரைமணி நேரம். வீடுகளுக்கு நடுவே மண் தரை, தென்னை, குறுக்கும் நெடுக்குமாகப் பன்றிகள். யாரும் கட்டிவைப்பதில்லை. பகலில் அவை காட்டுக்குள் மேயும். சாயங்காலம் வீட்டுக்காரர் குரல் கொடுத்தால் தேங்காய் தின்ன ஓடிவரும். எந்தக் குரல் யாருடையது என்று பன்றிக்குத் தெரியும் என்றாள் யோகம்மா.

டேனியல் நாற்பத்தைந்து வயதுக்காரர். குட்டையான ஆள், அகன்ற தோள், அதிகம் பேசாதவர். இந்தியில்தான் பேசினோம். அதைத் தமிழில் எழுதுகிறேன். வீட்டுச் சுவரில் இரண்டு குறுக்குவில்கள் தொங்கின. துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒரு நீள மரம், அதன் முனையில் குறுக்கே வில், கீழே இழுத்துவிடும் விசை. ஒன்று சின்னது. மற்றது அதைவிட ஒரு மடங்கு பெரியது, அம்பு முனையில் கட்டடக் கம்பியை அராவி வைத்திருந்தது.

"பாட்டனார் காலத்து வழக்கமா?" என்று நான் ஆவலாகக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "சின்னதுதான் அந்தக் காலத்தது. புறா அடிக்க. எங்கள் ஆட்கள் பன்றியை நாய் வைத்து ஈட்டியால்தான் குத்துவார்கள். இந்தப் பெரியதை நான் ஆறு வருடத்துக்கு முன்னால் நானே செய்தேன். மூன்று தடவை உடைந்தது."

கட்டுரைக்கு வைத்திருந்த நல்ல காரணம் அதோடு போயிற்று. அடுத்ததை எடுத்தேன். "சத்தம் வராது என்பதற்காகவா?"

"சத்தம் நல்லதுதான் மேடம். துப்பாக்கி வெடித்தால் வீட்டில் அடுப்பு பற்ற வைத்துவிடுவார்கள்."

"தோட்டா?"

"கேப்டனிடம் இருக்கிறது." இங்கே கேப்டன் என்றால் ஊர்த்தலைவர்.

என் கைவசம் இருந்த காரணங்களெல்லாம் தீர்ந்துபோயின. அவர் எழுந்து வெளியே போய், முற்றத்தில் படுத்திருந்த ஒரு பன்றியின் காதைப் பிடித்துக் காட்டினார். வலது காதின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை.

"இது எங்கள் வீட்டுக் குறி. குட்டியிலேயே வெட்டிவிடுவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. சிலர் வலது காது, சிலர் இடது காது. காட்டில் பிறந்த பன்றிக்கு இரண்டு காதும் முழுசாக இருக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான், ஒரே கறுப்பு. துப்பாக்கி அறுபது அடிக்கு அந்தப் பக்கம் கொல்லும். அங்கிருந்து காது தெரியாது. இந்த வில் பதினைந்து அடிக்கு மேல் பன்றியைச் சாய்க்காது. அதனால் நான் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்தில் போனால் காது தெரியும்."

"நாயும் ஈட்டியும்?"

"நாய் எந்தப் பன்றியையும் கடிக்கும். ஈட்டி என்றால் பாய்ந்து வருகிற பன்றியைக் குத்த வேண்டும். காது பார்க்க நேரமேது?"

துப்பாக்கியின் பெருமையே தூரம்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தூரமே வேண்டாமென்று ஒருவர் தன் ஆயுதத்தை வேண்டுமென்றே வலுக்குறைவாகச் செய்துகொண்டிருக்கிறார். மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இது பெரிய விஷயம். நாங்கள் எதன் திறனையும் கூட்டத்தான் பார்ப்போம்.

மற்றதை டேனியல் சொல்லவில்லை. திரும்பும் வழியில் யோகம்மா சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு அந்திப்பொழுதில் டேனியல் துப்பாக்கியால் ஒரு பன்றியைச் சுட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் இடது காதில் வெட்டு. அவருடைய சொந்த அக்கா ஹன்னா வளர்த்த பன்றி. ஹன்னாவின் புருஷன் இறந்துபோய், அவர் நினைவு விருந்துக்காக நாலு வருடம் தேங்காய் போட்டு வளர்த்தது. அந்தப் பன்றிக்கு ஹன்னா பெயர் வைத்துக் கூப்பிடுவாளாம்.

"இவரு பதிலுக்கு மூணு பன்னி கொண்டுபோய் விட்டாரு. அந்தம்மா வாங்கிக்கிட்டாங்க. சண்ட கிண்ட எல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா அன்னைலேர்ந்து தம்பி வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கல. ரூத்த தூக்கி வளர்த்ததே அந்த அத்தைதான். அவங்க இல்லாம நிச்சயமான்னு அந்தப் புள்ள அழுவுது."

"அவங்க வரவே மாட்டாங்களா?"

"போன வாரம் சொல்லி அனுப்பியிருக்காங்க. தம்பி அறுக்குற வீட்டுப் பன்னிக் கறியப் பார்த்தா எனக்கு என் பன்னி ஞாபகந்தான் வரும், காட்டுப் பன்னி அடிச்சான்னா வந்து சாப்புடுறேன்னு. அஞ்சு நாளா காட்டுக்குப் போறாரு. ஒண்ணும் ஆப்புடல. நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி."

நாளைக்கு நானும் வரலாமா என்று கேட்டேன். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு மனிதர் அக்காவைத் திரும்பப் பெறப் போகிறார், நான் வேடிக்கை பார்க்கக் கிளம்புகிறேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

சனி, காலை ஐந்து. விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். டேனியல் முன்னால், நான் நடுவில், யோகம்மா பின்னால். நான் தனியாகப் போவது சரியில்லை என்று அவளும் வந்தாள், வந்ததிலிருந்து அட்டைகளைத் திட்டிக்கொண்டே இருந்தாள். டேனியல் சொன்ன விதிகள் மூன்று: பேசக்கூடாது, சோப்புப் போட்டுக் குளித்திருக்கக் கூடாது, அவர் உட்கார்ந்தால் உட்கார வேண்டும். இரண்டாவதை நான் முந்தின நாளே மீறியிருந்தேன். ஈரமண்ணை அள்ளிக் கையிலும் கழுத்திலும் பூசிக்கொள்ளச் சொன்னார்.

ஒரு மணி நேரம் நடந்தோம். ஓடை ஒன்றைத் தாண்டியதும் தாழை மரக் கூட்டம். நம் ஊர்த் தாழம்பூப் புதர் இல்லை. தென்னை உயரம், அடியில் ஊன்றுகால்கள் மாதிரி வேர்கள், ஒவ்வொரு பழமும் மனிதத் தலையைவிடப் பெரியது. கீழே விழுந்த பழங்களைப் பன்றி கடித்துப்போட்ட தடம் புதிதாக இருந்தது. டேனியல் ஒரு சிட்டிகை சாம்பலை ஊதிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஒரு வேருக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தார். அவருக்கு நாலடி பின்னால் நாங்கள். வில்லை மார்போடு அழுத்தி நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டி, அம்பைப் பள்ளத்தில் வைத்தார்.

ஆறு நாற்பதுக்கு அது வந்தது. சத்தமே இல்லை. ஒரு நிமிடம் முன்னால் வெறும் இலையாக இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு முதுகு. வலப்பக்கம் எங்களைப் பார்த்து நின்று பழத்தை மெல்ல ஆரம்பித்தது. கொழுத்த ஆண் பன்றி. என் கை தானாகப் போனை எடுத்து வீடியோவைத் தட்டிவிட்டது. டேனியல் வில்லைத் தோளில் ஏற்றியிருந்தார். பன்றிக்கும் அவருக்கும் இடையே பன்னிரண்டடிகூட இருக்காது. வலது காதை நானே நன்றாகப் பார்த்தேன். முழுசாக இருந்தது, நுனிவரைக்கும். இனி விட வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

அவர் விடவில்லை.

பன்றி தின்றது. நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. அதன் தலைக்கு அந்தப் பக்கம் வேர்கள் மறைத்திருந்தன. டேனியலின் முழங்கை நடுங்க ஆரம்பித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். யோகம்மா என் தோளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், வலித்தது. கழுத்தின் பின்புறம் சில்லென்றது. காற்று திரும்பிவிட்டது. பன்றி ஒரு உறுமல் போட்டுச் சடாரெனத் திரும்பி இலைக்குள் பாய்ந்தது. அவ்வளவுதான்.

டேனியல் அம்பை எடுத்து வைத்துவிட்டு நாணை மெதுவாக இறக்கினார். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"இடது காது தெரியவில்லை," என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. என் அக்காவா, என் பன்றியா? ஆனாலும் வந்தது. "ஐயோ, விட்டிருக்கலாமே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பத்து மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிற்பகல் அவர் மட்டும் இன்னொரு பக்கம் போனார். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வெறுங்கையோடு வந்தார் என்று யோகம்மா வந்து சொன்னாள்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் போனைச் சார்ஜில் போட்டு அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம் பதினெட்டு விநாடி. மூலையில் டேனியலின் முதுகும் வில்லும், நடுவில் பன்றி. கடைசியில் அது திரும்பிப் பாயும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், இடது காது முழுசாக விரிந்து தெரிந்தது. வெட்டு இல்லை. குறி இல்லை. காட்டுப் பன்றிதான்.

யோகம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனை வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தாள்.

"அட கடவுளே. அவருகிட்ட சொல்லாதீங்க அக்கா. மனுசன் இனிமே தூங்கவே மாட்டாரு."

சொல்வதில்லை என்று முடிவு செய்தோம்.

ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து பதினொன்றுக்கு டேனியல் வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. வீட்டுப் பன்றியை அவர் அறுக்கவில்லை. மீன், கோழி, சோறு, வேகவைத்துப் பிசைந்த தாழம்பழம், தேங்காய்ப்பால். மாப்பிள்ளை வீட்டார் கமோர்ட்டாவிலிருந்து படகில் வந்திருந்தார்கள். பன்றிக்கறி இல்லாத நிச்சயத்தைப் பார்த்து அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்கே தெரிந்தது. ரூத் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேனியல் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார். யாரையும் நேராகப் பார்க்கவில்லை. பாவமாக இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் பாதையில் ஒரு பெண் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், நெடுநெடுவென்று, தம்பியின் அதே அகன்ற தோள். யாரும் சொல்லாமலே தெரிந்தது, ஹன்னா. முற்றத்து ஓரத்தோடு நின்றுவிட்டாள். அண்டாக்களை ஒருமுறை பார்த்துவிட்டு நிக்கோபாரியில் ஏதோ கேட்டாள். யோகம்மா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"காட்டுப் பன்னி எங்கன்னு கேக்குறாங்க."

"கிடைக்கல," என்றார் டேனியல்.

"பார்க்கவே இல்லையா?"

"பார்த்தேன். கிட்டத்தான் நின்னுச்சு. ஒரு காது தெரியல."

ஹன்னா உதட்டைச் சுழித்தாள். "ஆறு நாள் காட்டுல இருந்துட்டு ஒரு கதையோட வந்திருக்கான்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ரூத் எழுந்துவிட்டாள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. சொல்வதில்லை என்ற முடிவு, யோகம்மா பிடித்த கை எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனை நீட்டிக்கொண்டு முற்றத்தின் குறுக்கே ஓடினேன். அந்தப் பெண்மணியிடம் எனக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியாது. வீடியோவை ஓடவிட்டுக் கையில் கொடுத்தேன்.

அவள் பார்த்தாள். தம்பியின் முதுகையும், எதிரே தின்றுகொண்டிருந்த பன்றியையும், நடுங்கும் முழங்கையையும் பார்த்தாள். பன்றி பாய்ந்ததும் என்னிடம் திருப்பித் தந்தாள். மறுபடி போடு என்று விரலால் காட்டினாள். இரண்டாவது தடவை கடைசியில் நான் நிறுத்திப் பெரிதாக்கினேன். இடது காது.

ஹன்னா போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின. என் பின்னாலேயே ஓடிவந்த யோகம்மா அதைத் தமிழில் சொன்னாள்.

"முட்டாப் பயலே! இது காட்டுப் பன்னிடா! ரெண்டு காதும் முழுசா இருக்குதுடா!"

கூட்டம் முழுக்கப் போனைச் சுற்றி மொய்த்தது. டேனியலும் வந்து எட்டிப் பார்த்தார். காதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டேனியல் மட்டும் சிரிக்கவில்லை. நான் செய்த காரியத்துக்காக எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஹன்னாவும் சிரிக்கவில்லை. தம்பிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவரிடம் மெதுவாகப் பேசினாள். சிரிப்பு அடங்கியது. யோகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹன்னா பேசியதைத் தமிழில் சொன்னாள்.

"அன்னைக்கு என் பன்னிய சுட்டுட்டு வந்து நின்னப்பயும் தெரியலன்னுதான் சொன்ன. ஆறு வருசமா அதையேதான் சொல்ற. அந்தி, இருட்டு, தெரியல. உன் மூணு பன்னிய வாங்கிக்கிட்டேன், அந்த வார்த்தைய மட்டும் என்னால வாங்கிக்க முடியல. தெரியலன்னா எதுக்குடா சுட்ட? நேத்தும் உனக்குத் தெரியல. நீ சுடல."

அதற்குப் பிறகு ஹன்னா எழுந்து, வரிசையில் போய் உட்கார்ந்து, தட்டு எங்கே என்று கேட்டாள். ரூத்துதான் பரிமாறினாள். அவசரத்தில் மீன் குழம்பைத் தரையில் ஊற்றினாள். அத்தை அதற்கும் திட்டினாள், திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டாவது முறை சோறு வாங்கினாள். டேனியல் தூரத்தில் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறிமுகமே இல்லாத வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்து தாழம்பழப் பிசையலோடு அழுதுகொண்டிருந்தேன்.

திங்கள், காலை ஒன்பது. கப்பல். டேனியல் துறைக்கு வந்திருந்தார். வேறொரு பன்றி கிடைத்தால் அக்கா வீட்டுக்குத்தான் முதல் தொடை என்றார். வில்லின் பலத்தைக் கொஞ்சம் கூட்டலாமே, முப்பதடிக்கு அடிக்கிற மாதிரி, நான் ஒரு வழி சொல்கிறேன் என்றேன். மெக்கானிக் புத்தி போகுமா? வேண்டாம் மேடம் என்று சிரித்தார்.

கடல் அன்று அமைதி. மேல்தளத்தில் உட்கார்ந்து வேலை அறிக்கையை நிரப்பினேன். சுகாதார நிலையப் பெட்டி: ரிலே மாற்றப்பட்டது, ஐந்து டிகிரி, நன்று. அடுத்த வரி, அதே தீவின் தெற்கு முனைத் துணைச் சுகாதார மையத்தில் இருக்கும் சின்னப் பெட்டி. அங்கே போகும் வழியில் மழைக்குச் சிறு பாலம் ஒன்று இடிந்து கிடக்கிறது. ஜீப் போகாது. வெள்ளிக்கிழமையே போனில் கேட்டதற்கு, நல்லா ஓடுது மேடம் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். பொய் சொல்கிறவள் இல்லை. இந்த மாதிரி வரிகளில் பதினைந்து வருடமாக நான் எழுதுவது ஒரே வார்த்தை, நன்று. அந்தப் பெட்டியிலிருந்து எடுக்கும் மருந்து கைக்குழந்தைகளின் தொடையில் ஏறுகிறது என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அப்படித்தான் எழுதி வந்தேன். எத்தனை தீவு, எத்தனை பெட்டி என்று கணக்குப் போட்டுப் பார்க்க அன்று தைரியம் வரவில்லை.

புதன்கிழமை அலுவலகத்தில் மேலதிகாரி அறிக்கையைப் புரட்டினார். அந்த வரியில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"நல்லா ஓடுதுன்னு நர்ஸ் சொன்னதா நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏம்மா பார்க்கவில்லைன்னு எழுதியிருக்கீங்க?"

"அவங்க சொன்னாங்க சார்," என்றேன். "நான் பார்க்கல."